80-வது உறுப்பாம்! குடும்ப குரூப்பில் ஒரு ஃபார்வர்டு

வசந்தி அத்தை: *பலமுறை பகிரப்பட்டது* 🔴 மனித உடலில் 80-வது உறுப்பு கண்டுபிடிப்பு!! பெயர் இன்டர்ஸ்டிஷியம். உடல் முழுக்கப் பரவியுள்ள இந்த உறுப்பில்தான் கழிவு நீர் தேங்குகிறது. 21 நாள் கஷாயம், முழு உறுப்பும் சுத்தம் 🙏

வசந்தி அத்தை: செந்திலு, இது நெசமா?

செந்தில் சித்தப்பா: பாதி நெசம்க்கா. அதான் தொந்தரவே. இன்டர்ஸ்டிஷியம்னா திசுக்களுக்கு நடுவுல நீர் இருக்கற இடைவெளி. அதைப் பத்தி ஆராய்ச்சி நடந்தது உண்மை. 2018 மார்ச்ல சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழ்ல வந்துச்சு. நியூயார்க்ல பெனியாஸ், கார்-லாக், தீஸ்னு டாக்டருங்க. 80-வதுங்கறது பத்திரிகைக்காரங்க போட்ட கணக்கு. கழிவும் கஷாயமும் ஃபார்வர்டு எழுதினவரோட கைச்சரக்கு.

அருண்: அந்தக் கணக்கே தப்பு அத்தை. உறுப்பை எண்ணி முத்திரை குத்துற ஆபீஸ் உலகத்துல எங்கயும் இல்ல. டெர்மினோலாஜியா அனடாமிகான்னு ஒரு சர்வதேசப் பட்டியல் இருக்கு, அது உடற்கூறுகளுக்குப் பேர் வைக்க மட்டும்தான். எலும்பையெல்லாம் சேர்த்து ஒண்ணுன்னு எண்ணுறதா, தனித்தனியாவான்னு கேட்டாலே எண்ணிக்கை எங்கேயோ போயிடும்.

வசந்தி அத்தை: அப்ப அவங்க என்னத்ததான் பாத்தாங்க?

செந்தில் சித்தப்பா: பித்தநாளத்துக்குள்ள லேசர் நுண்ணோக்கிக் குழாய் விட்டுப் பாத்தாங்க. முன்னாடியே ஃப்ளோரசின்னு ஒளிரும் சாயம் ஊசியில போயிருக்கும். 60-70 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) ஆழத்துல, கருப்புப் பட்டைகளுக்கு நடுவுல சாயம் நிறைஞ்ச வலை மாதிரி தெரிஞ்சுது. லேப்ல நுண்ணோக்கியில பாக்கத் திசுவைச் சீவி வெக்கற ஸ்லைடு எதுலயும் அப்படி ஒரு அமைப்பு இல்ல.

வசந்தி அத்தை: நூறு வருஷமா ஸ்லைடு பாக்குறீங்களே, ஒருத்தர் கண்ணுலயும் படலையா?

கவிதா அக்கா: படாது அத்தை, ஸ்லைடு செய்யுற முறை அப்படி. திசுவை மொதல்ல 10% ஃபார்மலின்ல ஊற வைப்போம். அப்புறம் 70%-ல ஆரம்பிச்சு 100% வரைக்கும் படிப்படியா ஆல்கஹால். அடுத்து சைலீன், அதுக்கப்புறம் 60 டிகிரி பக்கம் உருகின பாரஃபின் மெழுகு. தண்ணி ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் மெழுகு உள்ள இறங்காது. மெழுகு பிளாக் மெத்துன்னு ஆயிடும், மைக்ரோடோம்ங்கற சீவுற மெஷின்ல 4 மைக்ரான் வெட்டுனா பிஞ்சு பிஞ்சு வரும். அதனால தண்ணியை வெளியேத்துறதுதான் எங்க வேலையே. தண்ணி போனதும் கொலாஜன்ங்கற புரத நார்க் கட்டெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சிடும்.

கவிதா அக்கா: மிச்சம் இருக்கறது மெல்லிசா வெள்ளைக் கீறல். தோல் ஸ்லைடுல எப்பவும் இருக்கும். வெட்டுறப்ப வந்த கிழிசல்னு சொல்லித்தான் பிள்ளைங்களுக்குச் சொல்லியே குடுக்குறது 😄

செந்தில் சித்தப்பா: அதுக்காகத்தான் அவங்க ஃபார்மலின்ல போடறதுக்கு முன்னாடியே திசுவை உறைய வெச்சாங்க. இடைவெளி அப்படியே நின்னுச்சு.

கவிதா அக்கா: சித்தப்பா, அங்கதான் எனக்கு இடிக்குது. மெதுவா உறைஞ்சா ஐஸ் படிகம் வந்து திசுவுல ஓட்டை ஓட்டையா விழும், அவங்க பாத்த இடைவெளியும் அதுவா இருக்கலாமே. உறைஞ்ச திசுவைச் சீவுற கிரையோஸ்டாட்ல உக்காந்தவங்களுக்குத் தெரியும். அதைத் தவிர்க்கணும்னா திரவ நைட்ரஜன்ல குளிர வெச்ச ஐசோபென்டேன் திரவத்துல சட்டுனு முக்கணும்.

செந்தில் சித்தப்பா: சரியான கேள்விம்மா. உறைஞ்ச ஸ்லைடு மட்டும் கையில இருந்தா நானும் ஒத்துக்க மாட்டேன். உயிரோட இருக்கற திசுவுலயும் அதே வலை தெரிஞ்சுதே, அதுதான் அவங்க பலம்.

அருண்: பலவீனமும் அங்கேயேதான் இருக்கு சித்தப்பா. ஃப்ளோரசின் சின்ன மூலக்கூறு, நுண்குழாய்ங்கற மெல்லிய ரத்தக்குழாய்லருந்து கசிஞ்சு தண்ணி இருக்கற இடமெல்லாம் பரவும். ஒளிருதுன்னா அங்க நீர் இருக்குன்னுதான் அர்த்தம். அது தடையில்லாம ஓடுற நீரா, ஜெல்லுல சிக்கின நீரான்னு படம் சொல்லாது. பிசியாலஜில படிச்சபடி திசுக்களுக்கு நடுவுல இருக்கற நீர்ல பெரும்பங்கு ஹயலுரோனான், புரோட்டியோகிளைக்கான்ங்கற பெரிய மூலக்கூறுங்களோட ஜெல்லுக்குள்ளதான் இருக்கும். தனியா ஓடுறது சாதாரணமா 1%-க்கும் கம்மி.

அருண்: திசுக்களுக்கு நடுவுல நீர் இருக்குன்னு கண்டுபிடிச்சதும் 2018-ல இல்ல. நுண்குழாய்க்கும் திசுவுக்கும் நடுவுல நீர் எப்படிப் போயிட்டு வருதுன்னு ஸ்டார்லிங்னு ஒரு உடலியல் அறிஞர் 1896-லயே எழுதிட்டார். 70 கிலோ ஆளுக்கு உடம்புல மொத்தம் 42 லிட்டர் தண்ணின்னா அதுல சுமார் 11 லிட்டர் இந்த இடைநீர்தான்.

வசந்தி அத்தை: அப்ப உறுப்பே இல்லங்கறீங்களா? பேப்பர்லல்லாம் வந்துச்சாமே

செந்தில் சித்தப்பா: உறுப்புன்னா ரெண்டு மூணு வகைத் திசு சேர்ந்து, ஒரு எல்லையோட, தனக்குன்னு ஒரு வேலை செய்யணும்க்கா. இது தோல், குடல், மூச்சுக்குழாய், ரத்தக்குழாய்னு எல்லாத்தையும் சுத்தி இருக்கு. வெட்டித் தனியா எடுத்துக் காட்ட முடியாது. ஆய்வோட தலைப்புலயே ‘கவனிக்கப்படாத இன்டர்ஸ்டிஷியம்’னுதான் போட்டிருக்காங்க, சுருக்கத்துல ‘இடைவெளி’. ‘உறுப்பு’ன்னு கொட்டை எழுத்துல வந்தது பல்கலைக்கழகம் பத்திரிகைக்குக் குடுத்த குறிப்புல. அக்குபங்சருக்குக்கூட இதுல விளக்கம் இருக்கலாம்னு அதுலயே ஒரு வரி. போதாதா நம்ம ஆளுங்களுக்கு?

அருண்: 2020-லயும் இதே கூத்து. ஆம்ஸ்டர்டாம்ல நெதர்லாந்து புற்றுநோய் நிலையத்துல, புராஸ்டேட் புற்றுநோய்க்கு எடுக்கற, பிஎஸ்எம்ஏங்கற புரதத்தைத் தேடுற ஸ்கேன்ல மூக்குக்குப் பின்னாடி, தொண்டைக்கு மேல ரெண்டு பக்கமும் ஒளிர்ந்துச்சு. புது உமிழ்நீர்ச் சுரப்பின்னு அறிவிச்சாங்க. பாத்தது 100 பேர் ஸ்கேன், பெரும்பாலும் ஆம்பளைங்க, வெட்டிப் பாத்தது 2 உடல். அந்த இடத்துல சளிச் சுரப்பிங்க இருக்கறது ரொம்பக் காலமா தெரிஞ்சதுதான். ஆனா கதிர்வீச்சு குடுக்கறப்ப அந்த இடத்தைத் தப்பிக்க வெச்சா வாய் வறட்சி குறையலாம்னு சொன்னாங்க பாருங்க, அது உருப்படி. உறுப்புன்னு பேர் வெக்காமலே அதைச் செய்யலாம்.

செந்தில் சித்தப்பா: இன்டர்ஸ்டிஷியத்துலயும் அப்படித்தான். புற்றுநோய் செல் இந்த வழியா நிணநீர் முடிச்சுக்குப் போகுதாங்கறது நல்ல கேள்வி. பேர்தான் வீண் சண்டை.

வசந்தி அத்தை: சரி, கழிவு தேங்கறது? பெரியம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கே, இந்தக் கஷாயத்தைக் குடுக்கலாமா?

அருண்: தேங்காது அத்தை. நுண்குழாய்லருந்து கசியறதுல மிச்சம் நிக்கறது ஒரு நாளைக்கு 2-3 லிட்டர், நிணநீர்க் குழாய் வழியா ரத்தத்துக்கே திரும்பிடும். கஷாயம் குடிச்சு அடிக்கடி ஒண்ணுக்குப் போனா அது மூத்திரம். ‘உறுப்பு கழுவுன தண்ணி’ இல்ல.

செந்தில் சித்தப்பா: பெரியம்மா கணுக்காலுக்கு மேல, முன்எலும்பு மேல கட்டைவிரலை வெச்சு 5-10 விநாடி அழுத்திட்டு எடுங்க. குழி விழுந்து மெதுவா நிரம்பினா அருண் சொன்ன அந்த 1% ஏறிடுச்சுன்னு அர்த்தம், ஜெல்லை மீறி நீர் ஓடுது. ஒரே கால்ல, வலியோட, திடீர்னு வீங்கியிருந்தா ரத்தம் உறைஞ்சிருக்கலாம். நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரி. ரெண்டு கால்லயும்னா இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூணையும் பாக்கணும். கிட்னி கோளாறு இருந்து, என்ன கலந்திருக்குன்னே தெரியாத கஷாயம் போச்சுன்னா வினைதான். பிரஷருக்கு ஆம்லோடிபின் சாப்பிட்டாலும் கணுக்கால் வீங்கும்.

வசந்தி அத்தை: ரெண்டு கால்லயும்தான் தம்பி. பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்க, பேரு தெரியல. நிறுத்திடச் சொல்லவா?

செந்தில் சித்தப்பா: ஐயோ, நீங்களா நிறுத்தாதீங்க, பிரஷர் ஏறிடும். எழுதிக் குடுத்த டாக்டர்தான் அளவைக் குறைக்கணும், இல்ல மாத்தணும். மாத்திரை அட்டையோட பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்க, பேரும் மில்லிகிராமும் தெரியற மாதிரி.

கவிதா அக்கா: ஃபிளாஷ் போடாதீங்க அத்தை, அலுமினியம் பளபளன்னு ஒண்ணும் தெரியாது.