பிரீமியர் பத்மினியின் பெட்ரோல் பம்ப்: உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் வாங்கி, இன்று நான் ஓட்டிவரும் 1984ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினியின் பெட்ரோல் பம்ப் டயாபிரம் (பெட்ரோலை உறிஞ்சித் தள்ளும் ரப்பர் சவ்வு) விறைத்து, ஓரங்களில் வெடித்துவிட்டது. பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கசிந்து, ஆயில் அளவுக் கம்பியை எடுத்து முகர்ந்தாலே பெட்ரோல் வாடை வீசுவதால், வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். இக்காரின் தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் அசல் உதிரிபாகம் கிடைப்பது அரிது. சென்னை புதுப்பேட்டையில் கிடைத்த பழைய இருப்பின் ரப்பரோ, 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் டயாபிரம் செய்து தருபவர்களை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். பம்புக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள வெப்பத்தடுப்புக் கட்டையும் விரிசல் விட்டிருக்கிறது. அதன் கனமோ, இருபுற கேஸ்கட்டுகளின் கனமோ மாறினால் பம்ப் நெம்புகோல் நகரும் தூரமும் மாறிவிடும் என்பதால், அசல் கட்டையை வைத்திருப்பவர்கள் வெர்னியரால் அளந்து சொன்னால் பேருதவியாக இருக்கும்.

இவை கிடைக்காவிட்டால் மின்சாரப் பம்புதான் வழி. இன்ஜெக்‌ஷன் கார்களின் பம்ப் தரும் அழுத்தம் கார்புரேட்டரின் ஊசி வால்வை மீறிப் பெட்ரோலை வழியச் செய்துவிடும். கார்புரேட்டருக்கு 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தமே போதும். அத்தகைய பம்பை டேங்க்குக்கு அருகில், புகைக்குழாயின் வெப்பம் படாமல், ரப்பர் புஷ் வைத்துப் பொருத்தியவர்கள் படம் அனுப்புங்கள். இன்ஜின் நின்றதும் பம்பும் நிற்கும்படி ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியே ரிலே இணைத்தவர்கள், அந்த வயரிங் விவரத்தையும் அவசியம் எழுதுங்கள்.