கேஸ் ஷாக் புதிதாக மாற்றியும் என்ஜின் ரூம் மூடி விழுகிறது – உதவி தேவை

தூத்துக்குடி_படகு:

வணக்கம். எங்களுடையது மரத்தில் கட்டி மேலே பைபர் போட்ட விசைப்படகு. என்ஜின் ரூமுக்கு இறங்கும் வாசலில் கீல் வைத்த மூடி இருக்கிறது. கீலிலிருந்து முன் விளிம்பு வரை 100 செ.மீ., அகலம் 120 செ.மீ. இரண்டு பக்கமும் கேஸ் ஷாக் தாங்குகிறது. கார் டிக்கியில் இருக்குமே, அதே வகை.

பழைய ஜோடி ஆறு வருடம் ஓடியது. போன மார்கழியில் ஒன்றின் தண்டில் எண்ணெய் கசிந்து, துருப் புள்ளிகள் விழுந்துவிட்டன. மூடி கொஞ்சமும் நிற்காது. ஒருவர் தலையால் முட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இன்னொருவர் உள்ளே இறங்க வேண்டும். பழையதில் 300என் என்று அச்சிட்டிருந்தது, அதாவது தள்ளும் பலம் 300 நியூட்டன். அதே 300, அதே நீளம் பார்த்து இரண்டும் புதிதாக வாங்கி மாட்டினேன்.

இப்போது முழுக்கத் திறந்தால் நிற்கிறது. ஆனால் அலையில் படகு குலுங்கி முக்கால் திறப்புக்கு வந்துவிட்டால் அப்படியே இறங்கிவிடுகிறது. போன மாதம் அதிகாலை 3 மணிக்கு பெல்ட் பார்க்க இறங்கிய என் மச்சினன் கை விளிம்பில் இருந்தது. நடுவிரல் நகம் போய்விட்டது. எலும்பு தப்பியது ஆண்டவர் புண்ணியம்.

இன்னொரு விஷயம்: மத்தியானம் அதே மூடி முக்கால் திறப்பிலும் நிற்கிறது. விடியற்காலையில்தான் விழுகிறது. கடைக்காரர் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டாரா? மீன்பிடித் தடைக்காலம் முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது. ஜூன் 14க்குள் சரிசெய்தாக வேண்டும்.

குளச்சல்_கரை:

300 போதாது அண்ணே. 500 வாங்கி மாட்டுங்கள், முடிந்தது. எங்கள் படகில் அப்படித்தான் செய்தோம்.

லேத்_பட்டறை:

500 வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள் தம்பி. அதே 300 ஆறு வருடம் நன்றாகத் தாங்கியதென்றால் முதலில் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. இப்போது எது மாறியது என்று பார்க்காமல் பலத்தைக் கூட்டினால் கோளாறு வேறு இடத்துக்குப் போகும்.

மத்தியானம் நின்று விடியலில் விழுவதுதான் எனக்கு நல்ல தடயம். ஷாக்குக்குள் இருப்பது அழுத்திய நைட்ரஜன். சூடேறினால் அழுத்தம் கூடும், குளிர்ந்தால் குறையும். 20 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 7 சதவீதம் பலம் மாறும். அந்த 7 சதவீதத்தில் மூடி நிற்பதும் விழுவதும் முடிவாகிறதென்றால், ஷாக் செத்துப்போகவில்லை, மூடியின் எடைக்கு மயிரிழையில் தோற்றுக்கொண்டிருக்கிறது. வாயு கசிந்திருந்தால் நாளுக்கு நாள் மோசமாகும், வெயிலில் தேறி வராது.

மூன்று அளவு வேண்டும்:

ஷாக்கைக் கழற்றி, மீன் எடை போடும் மேடைத் தராசில் தண்டு முனை கீழே இருக்கும்படி நேராக நிறுத்தி, மேலிருந்து மெதுவாக அழுத்துங்கள். தண்டு உள்ளே போகத் தொடங்கும்போது தராசு எத்தனை கிலோ காட்டுகிறது? சாய்த்து அழுத்த வேண்டாம், முகம் நேர் மேலே இருக்க வேண்டாம்.

ஷாக் இரண்டும் கழன்ற நிலையில், தொங்கு தராசை மூடியின் முன் விளிம்பு நடுவில் மாட்டி, ஒரு விரல்கடை அளவு தூக்குங்கள். என்ன எடை?

அப்புறம் மூடி பாதி திறந்திருக்கும்போது ஷாக்கின் கோட்டுக்கும் கீலுக்கும் இடையே செங்குத்தாக எவ்வளவு தூரம். ஷாக்கை ஒட்டி ஒரு நூல் கட்டி, கீலிலிருந்து மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் வந்துவிடும்.

பழைய_ஸ்ராங்கு:

அளவெடுக்கிறேன் என்று ஷாக்கைக் கழற்றும்போது மூடியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, கீழே ஒரு கட்டையும் முட்டுக் கொடு தம்பி. இரண்டும் வேண்டும். கயிறு நழுவினால் கட்டை, கட்டை உருண்டால் கயிறு. ஒரு நகம் போனது போதும்.

தூத்துக்குடி_படகு:

அண்ணாச்சி, அளந்துவிட்டேன். ஷாக் ஒன்று 31, மற்றது 32 கிலோ காட்டியது. மூடியின் விளிம்பில் 17 கிலோ. நூல் வைத்து அளந்த தூரம் 13 செ.மீ.

லேத்_பட்டறை:

அப்படியென்றால் கடைக்காரர் மேல் தப்பில்லை. 300 நியூட்டன் என்பது 30 கிலோவுக்குச் சற்று மேல். உங்கள் ஷாக் இரண்டும் அச்சிட்டபடியே இருக்கின்றன.

இப்போது கணக்கு. விளிம்பில் 17 கிலோ, கீலிலிருந்து 100 செ.மீ.; பெருக்கினால் 1700. பாதி திறந்த நிலையில், அதாவது 45 டிகிரியில், இந்தச் சுமை 0.7 மடங்காகக் குறையும்: சுமார் 1200. அந்த இடத்தில் ஷாக்கின் தண்டு பாதி உள்ளே போயிருப்பதால் பலம் கொஞ்சம் ஏறி 35 கிலோவாக இருக்கும். இரண்டுக்கும் 70, அதை 13 செ.மீ.யால் பெருக்கினால் 910. 1200ஐ 910 எப்படித் தாங்கும்?

திருப்பிப் போட்டுப் பாருங்கள். இந்த 910 தாங்க வேண்டுமென்றால் விளிம்பில் 13 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆறு வருடம் தாங்கியது என்கிறீர்கள். அப்போது மூடி அவ்வளவுதான் இருந்திருக்க வேண்டும். விளிம்பில் 4, 5 கிலோ கூடியிருக்கிறதென்றால் மொத்த மூடியில் எட்டு முதல் பத்து கிலோ ஏறியிருக்கிறது. எங்கிருந்து வந்தது? மேலே ஏதாவது பூசினீர்களா?

தூத்துக்குடி_படகு:

இரண்டு வருடம் முன்பு வழுக்காமல் இருக்க ஒரு கண்ணாடி இழை மேட் வைத்து ரெசினில் மணல் தூவினோம். ஆனால் அது இரண்டு, மூன்று கிலோவைத் தாண்டாதே.

பைபர்_வேலை:

நான் பைபர் பட்டறை. மிச்ச எடை தண்ணீர். பந்தயமே கட்டுவேன்.

உங்கள் மூடிக்குள் பிளைவுட் இருக்கும். ஷாக்கின் உருண்டைத் தலை போல்ட்டை மர ஸ்க்ரூ போட்டு மாட்டியிருப்பார்கள். அந்தத் துளை வழியாக வருடக்கணக்கில் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். வெளியே பைபர் பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் ஊறிக் கஞ்சியாகியிருக்கும்.

ஒரு ரூபாய் நாணயத்தால் மூடியைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் டக் டக் என்று கறாராகக் கேட்கும். ஊறிய இடத்தில் பொத் பொத்தென்று அடங்கிப்போகும். சந்தேகம் வந்த இடத்தில் உள்பக்கமாக 6 மி.மீ. துளை ஒன்று போட்டுப் பாருங்கள். மரத்தூள் வெள்ளையாகக் காய்ந்து வந்தால் நான் சொன்னது தப்பு.

தூத்துக்குடி_படகு:

தப்பில்லை. கீலுக்கும் ஷாக் போல்ட்டுக்கும் நடுவில் தட்டினால் ஈரச் சாக்கைத் தட்டியது போல இருந்தது. துளை போட்டதும் தூள் வரவில்லை, டிரில் பிட்டைச் சுற்றிக்கொண்டு கறுத்த மரச் சேறுதான் வந்தது. பிட்டை எடுத்ததும் தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே ஒரு டப்பா வைத்தேன், கால் மணி நேரத்தில் அரை டப்பா. நாற்றம் தாங்கவில்லை. இடது பக்க ஸ்க்ரூவைக் கையாலேயே உருவ முடிந்தது.

500 ஷாக் மாட்டியிருந்தால்?

லேத்_பட்டறை:

மூடி நின்றிருக்கும். ஆனால் மூடி சாத்தியிருக்கும்போது ஷாக் முழுக்க அமுங்கிக் கிடக்கும், 500 அங்கே 600ஐத் தாண்டும். அறுபது கிலோவுக்கு மேல், இரவும் பகலும், அந்த ஊறிய மரத்தில் இருக்கும் ஸ்க்ரூவை நெம்பிக்கொண்டே இருக்கும். என்றாவது ஒருநாள் ஸ்க்ரூ பிய்த்துக்கொண்டு வரும். அப்போது மூடி மெதுவாக இறங்காது, ஒரே அடியாக விழும். கீழே யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

குளச்சல் தம்பி, உங்கள் மூடியையும் ஒரு தடவை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். குறை சொல்லவில்லை, அக்கறையில் சொல்கிறேன்.

குளச்சல்_கரை:

நாளைக்கே பார்க்கிறேன் அண்ணே.

பைபர்_வேலை:

தூத்துக்குடி தம்பி, மூடியைக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். வெயிலில் ஒரு மாதம் போட்டாலும் அழுகிய மரம் மரமாகாது. உள்பக்கத் தோலை ஓரத்தில் நான்கு விரல் விட்டு கிரைண்டரால் அறுத்து எடுங்கள். மேல் தோலைத் தொட வேண்டாம், வடிவம் அப்படியே கிடைக்கும். ஊறிய பிளைவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, கழுவி, நன்றாகக் காய்ந்ததும் பிவிசி ஃபோம் பலகை வைத்து மேட் போட்டு மூடுங்கள். மூடியின் மேல் ஆள் நடப்பார்கள் என்பதால் அடர்த்தியான ஃபோமாகக் கேளுங்கள், பொட்டலம் கட்டும் தெர்மகோல் ஆகாது, ரெசின் பட்டாலே கரைந்துவிடும்.

கீலும் ஷாக்கும் வரும் இடங்களில் மட்டும் ஃபோம் வேண்டாம். அங்கே கெட்டியான பைபர் கட்டை வைத்துவிடுங்கள். துளை போட்டு, மறுபக்கம் வரை போகும் போல்ட், பின்னால் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) தகடு, துளைக்குள் பாலியூரித்தேன் சீலண்ட். மர ஸ்க்ரூ கூடவே கூடாது. படகில் ஆணி அடித்த ஒவ்வொரு துளையும் தண்ணீருக்குத் திறந்த கதவு என்று என் அப்பா சொல்வார்.

லேத்_பட்டறை:

மூடி தயாரானதும் மறுபடி தொங்கு தராசு போடுங்கள். 13க்குள் வந்தால் இருக்கிற ஷாக்கே போதும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது: குழாய் முனை மூடியில், தண்டு முனை கீழே படகில். உள்ளே கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது, தண்டு கீழே பார்த்திருந்தால் அது தண்டைச் சுற்றி வாயுவை அடைத்திருக்கும் ரப்பர் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து சீக்கிரம் போய்விடும். மூடியை முழுக்கத் திறந்து முட்டுக் கொடுத்த பிறகே மாட்டுங்கள், அந்த நிலையில்தான் ஷாக் முழு நீளத்தில் வந்து உட்காரும். அமுக்கிப் பிடித்து மாட்ட முயல வேண்டாம். தண்டை இடுக்கியால் பிடிக்கவே கூடாது, ஒரு கீறல் போதும், சீல் கிழியும். பெயின்ட் அடிக்கும்போது தண்டில் தெறிக்காமல் துணி சுற்றுங்கள்.

அடுத்த முறை மாற்றும்போது 316 என்ற தரத்து எஸ்எஸ் ஷாக் வாங்குங்கள். கார் வகையில் தண்டு சாதா இரும்பின் மேல் பூச்சுதான், உப்புக் காற்றுக்கு அது நிற்காது. கடையில் எஸ்எஸ் என்று சொன்னால் ஒரு காந்தம் ஒட்டிப் பாருங்கள், நறுக்கென்று பிடித்தால் வாங்காதீர்கள்.

பழைய ஜோடியைக் குப்பையோடு தீயில் போட வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். உள்ளே அழுத்தம் மிச்சமிருந்தால் வெடிக்கும்.

பழைய_ஸ்ராங்கு:

துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போது என்ஜின் ரூமுக்குக் காற்று வரட்டும் என்று நாள் முழுக்க மூடியைத் திறந்தே போடுவீர்கள், எனக்குத் தெரியும். அப்போது தண்டு முழுக்க வெளியே நீட்டிக்கொண்டு உப்பு படியும். மூடும்போது அந்த உப்புப் பொடி சீலை அரத்தால் ராவுவது போல ராவும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு துடைத்துவிட்டு மூடு.

இன்னொன்று. ஷாக் தூக்கிக் கொடுக்கத்தான், நிறுத்தி வைக்க அதை நம்பாதே. ஒரு எஸ்எஸ் கம்பியை வளைத்து, மூடி திறந்ததும் கொக்கி விழுகிற மாதிரி ஒரு பக்கம் வை. ஆள் உள்ளே இறங்குவதற்கு முன் கொக்கி போட வேண்டும் என்று படகில் எல்லோருக்கும் சொல்லிவிடு.

தூத்துக்குடி_படகு:

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், பைபர் அரிப்பில் கை வீங்கிவிட்டது. மூடி முடிந்தது. உள்ளே இருந்த பிளைவுட்டை அகப்பையால் அள்ள வேண்டியிருந்தது. புதிய மூடி விளிம்பில் சரியாக 12 கிலோ. அதே 300 ஷாக்கை போல்ட், தகடு போட்டு மாட்டினேன், தண்டு கீழே. போன தடவை நான் தலைகீழாகத்தான் மாட்டியிருந்தேன்.

இன்று விடியற்காலை 4 மணிக்குப் போய்ப் பார்த்தேன். பாதியில் விட்டாலும் நிற்கிறது. சாத்த ஒரு கை போதும். கொக்கிக் கம்பியும் வைத்துவிட்டேன், மச்சினன்தான் வளைத்தான். பழைய இரண்டு ஷாக்கும் ஒரு பெட்டியில் இருக்கிறது, என்ன செய்யலாம்?

லேத்_பட்டறை:

பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். பாதுகாப்பாக அழுத்தத்தை இறக்கித் தருகிறேன், அப்புறம் பழைய இரும்புக்குப் போடலாம்.