சுவடி அருங்காட்சியகத்துக்கு நிதி திரட்ட ஆள் எடுக்கிறோம், வழிகாட்டுங்கள்

வணக்கம். எங்கள் அறக்கட்டளையின் ஓலைச்சுவடி அருங்காட்சியகத்துக்கு நிதி திரட்ட முழுநேர ஆள் தேடுகிறோம். அறக்கட்டளைக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியைப் பெறத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவுகள் முடிந்தன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லாததால் வெளிநாட்டு நன்கொடை வாங்க முடியாது.

கல்வெட்டில் பெயர் வரும் என்றால் கட்டடத்துக்குக் கொடுக்கிறார்கள். ஓலைக்குப் பூசும் புல்தைலம், ஈரப்பதமானி, அட்டவணை தயாரிப்பவர் சம்பளம் என்றால் கைவிரிக்கிறார்கள். இவற்றைத் தனித்தனியாகக் கேட்காமல், தூசி தட்டுவது முதல் ஸ்கேன் வரை சேர்த்து, 'ஒரு கட்டுச் சுவடியைத் தத்தெடுங்கள்' என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? கட்டுக்கு எவ்வளவு கணக்கிட்டீர்கள்?

திரட்டும் தொகையில் கமிஷன் தருவதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறோம். கொடுப்பவரின் நம்பிக்கை போய்விடும். அப்படியானால் மாதச் சம்பளம் எவ்வளவு தகும்? நிதி கேட்டு விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர், கம்பெனிகளின் சிஎஸ்ஆர் குழுவோடு பேசத் தெரிந்தவர், இருவரில் முதலில் யாரை எடுப்பது?