படத்தில் கோடு போட்டு அடித்தும் கழித்தல் தப்பாகிறது, கே2 பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது?

பொங்கோல் அம்மா:
மகள் சிங்கப்பூரில் கே2 (பாலர் பள்ளியின் கடைசி ஆண்டு). 8 ஆப்பிள் படத்தில் மூன்றை அடித்துவிட்டு மீதியைக் கேட்டால், சில சமயம் 8 என்றே சொல்கிறாள். படம் இல்லாமல் 8−3 கேட்டால் "8, 7, 6" என்று எண்ணி 6 என்கிறாள். அடுத்த ஆண்டு தொடக்கநிலை 1. எங்கே தவறு?

பாலர் வகுப்பு ஆசிரியை:
இரண்டும் வேறு வேறு தவறுங்க. கோடு போட்டாலும் ஆப்பிள் தாளிலேயேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதைப் பிள்ளை எண்ணிவிடுகிறது. கையால் எடுக்கிற பொருளில் தொடங்குங்கள். 10 முட்டை வரும் பெட்டி போதும், ஐந்தைந்தாக இரண்டு வரிசை. மேலே 5 கொண்டைக்கடலை, கீழே 3. கீழே உள்ள மூன்றையும் எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொன்னால், மேல் வரிசை நிறைவாக நிற்கும். எண்ணாமலே 5 என்பாள். பிறகு 8−4: மேலே ஒரு குழி காலி, 4.

படத்துக்கு வரும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக அடிக்க விடாதீர்கள். கடைசியிலிருந்து வரிசையாக அடித்து, அடித்ததைக் கையால் மூடிக்கொண்டு மீதியை எண்ணட்டும்.

பின்னால் எண்ணும்போது 8 என்பது நிற்கிற இடம், அதை அடியாகக் கணக்கில் சேர்க்கக்கூடாது. தரையில் 0 முதல் 10 வரை எண்களை ஒட்டி, அவளை 8-இல் நிற்க வையுங்கள். ஒரு கட்டம் பின்னால் குதித்த பிறகுதான் வாய் திறந்து "7" சொல்லணும். மூன்றாவது குதியில் 5.

தெம்பனிஸ் அப்பா:
9−7க்குப் பின்னால் எண்ண வைக்கவே வேண்டாம். ஏழு அடி போவதற்குள் எங்காவது ஒன்று நழுவிவிடும். 7-இலிருந்து மேலே "8, 9", இரண்டு விரல், முடிந்தது. நம்பர் பாண்டில் (ஓர் எண்ணையும் அதன் இரு பகுதிகளையும் கோட்டால் இணைக்கும் படம்) 9 மேலே, 7-ம் 2-ம் கீழே என்று வரைந்து காட்டினால் ஏன் என்பதும் புரியும்.

"எத்தனை அதிகம்?" கணக்கைத் தனியாகப் பழக்குங்கள். அங்கே யாரும் எதையும் எடுப்பதில்லை, "அதிகம்" என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் கூட்டிவிடுகிறார்கள். 6 கரண்டி, 4 தட்டு. தட்டுக்கு ஒரு கரண்டி வைத்தால் ஜோடியில்லாமல் 2 நிற்கும்.

பொங்கோல் அம்மா:
ரொம்ப நன்றி. 8−3=5 என்று எப்போது எழுத வைக்கலாம்?

பாலர் வகுப்பு ஆசிரியை:
படத்தைப் பார்த்து "8 இருந்தது, 3 போச்சு, 5 மீதி" என்று அவளாகவே சொன்ன பிறகு, அந்தப் படத்துக்குக் கீழேயே எழுதட்டும். பொருள், படம், எண் என்ற இந்த வரிசை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் கருத்தை ஒட்டியது. 1980களிலிருந்தே சிங்கப்பூர்ப் பள்ளிக் கணிதத்தில் இருக்கிறது. எண்ணில் தடுமாறினால் முட்டைப் பெட்டிக்கே திரும்புங்கள். 5−0, 5−5 இரண்டையும் அதிலேயே செய்து காட்டுங்கள். 5−0க்கு 0 என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. கிண்ணம் காலி, பெட்டியில் 5 என்று பார்த்தால்தான் அது தெளியும்.