தராசில் எண் நிற்கவே இல்லை: உங்கள் கை நிற்காத உணவு எது?

தராசுக்காரன்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என்னுடைய ட்ரிகர் உணவு, அதாவது தொட்டால் நிறுத்த முடியாத உணவு, உப்புப் போட்ட வேர்க்கடலை. வறுத்து, தோல் நீக்கி, டப்பாவில் வருமே, அது. ஐந்து மாதத்தில் 91 கிலோவிலிருந்து 83-க்கு வந்திருக்கிறேன். கேக்கை முன்னால் வைத்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. கடலை என்றால் மட்டும் கை நிற்காது.

போன புதன்கிழமை இரவு. 30 கிராம்தான் என்று முடிவு செய்து, சமையலறைத் தராசில் கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கொட்டினேன். 34 காட்டியது. அதிகமாச்சே என்று ஐந்தாறு கடலையை எடுத்து வாயில் போட்டேன். 30. சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க இன்னும் இரண்டு. 28. அடடா, குறைகிறதே என்று டப்பாவிலிருந்து மறுபடி கொட்டினேன். 39. அதிகம், எடு, வாயில் போடு. இப்படியே கூட்டுவதும் குறைப்பதுமாக எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. தண்ணீர் குடிக்க வந்த மகள் பின்னாலிருந்து கேட்டாள்: "அப்பா, தராசு கெட்டுப்போச்சா? நம்பர் நிக்கவே மாட்டேங்குது."

அப்போதுதான் டப்பாவைப் பார்த்தேன். 210 கிராம் போயிருந்தது. ஏறக்குறைய 1,200 கலோரி. அதற்கப்புறமும் அந்த 30 கிராமை ஒழுங்காக அளந்து, உட்கார்ந்து, சாப்பிட்டேன் என்பதுதான் கொடுமை. கலோரிக் கணக்கு வைக்கும் செயலியில் 30 என்றே குறித்தேன்.

மகளிடம் "ஆமாம்மா, பேட்டரி போயிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை தராசுக்குப் பக்கத்தில் புது பேட்டரி ஒன்று இருந்தது. தன்னுடைய பொம்மையிலிருந்து கழற்றி வைத்திருக்கிறாள். கடலையை விட அதுதான் உறுத்துகிறது.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும், சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம். நடந்தது மட்டும்.

பின்சீட்டு

ஐஸ்கிரீம், ஒரு லிட்டர் டப்பா. வீட்டுக்குள் கொண்டுபோனால் கேள்வி வரும். அதனால் வாசலிலேயே காரை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, பின்சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். ஸ்பூன் இல்லை. கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மூலையால் தோண்டித் தோண்டித் தின்றேன். பாறை மாதிரி உறைந்திருந்ததால் அட்டை வளைந்தே போய்விட்டது. துடைக்கும்போது பார்க்கிறேன், போட்டோவில் இருக்கும் நான் கன்னமெல்லாம் க்ரீமோடு சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருடம் ஆகிறது. யாரிடமும் சொன்னதில்லை. பொம்மை பேட்டரியைப் படித்ததும் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது.

நோட்டுப்புத்தகம்

எனக்கு சீஸ் பிஸ்கட். ஒருமுறை ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரின் பாக்கெட்டை என்னுடையது என்று நினைத்து முழுக்க முடித்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பாக்கெட்டை மட்டும் ஒருமுறை பார்த்தார். என் கதை அவ்வளவுதான்.

தராசுக்காரன் அறிவுரை வேண்டாம் என்கிறார். இருந்தாலும் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில், பிடித்த உணவும் ட்ரிகர் உணவும் ஒன்றல்ல. பிடித்த உணவில் போதும் என்ற இடம் ஒன்று வரும். ட்ரிகர் உணவில் ருசி பாதியிலேயே மங்கிவிடும், கை மட்டும் போய்க்கொண்டிருக்கும். உங்களுக்கு எது எது என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன தின்றோம் என்பது மட்டும் போதாது. எத்தனை மணிக்கு, எங்கே, நின்றா உட்கார்ந்தா, பக்கத்தில் யார், அதற்கு முந்தைய சாப்பாடு எப்போது, முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், இத்தனையும் வேண்டும். நான் எழுதியபோது 11 முறை பிஸ்கட்டில் கவிழ்ந்திருந்தேன், அதில் 9 முறை ஆபீஸ் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது. எதிராளி பேசப் பேச நான் தின்றிருக்கிறேன். இப்போது அந்தப் போன் வந்தால் எழுந்து நடந்துகொண்டே பேசுகிறேன்.

ஏன் சில உணவு மட்டும் இப்படிச் செய்கிறது? வெறும் வெண்ணெயை யாரும் கிண்ணம் கிண்ணமாகத் தின்பதில்லை, வெறும் சர்க்கரையையும் தின்பதில்லை. இரண்டும் சேர்ந்தால் கதை வேறு. கொழுப்பும் உப்பும் (தராசுக்காரனின் கடலை இதில்தான்), கொழுப்பும் சர்க்கரையும், மாவுச்சத்தும் உப்பும் என்று இந்த மூன்று ஜோடிகளைத்தான் கான்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வரையறுத்தார்கள். அதே வருடம் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை அங்கேயே தங்கவைத்துப் பார்த்தது. இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, வேண்டும்வரை சாப்பிடலாம். முதல் வகையில் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு 0.9 கிலோ ஏறினார்கள், மற்றதில் அதே 0.9 கிலோ இறங்கினார்கள். வேகமாகவும் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே இது மன உறுதி இல்லாத குறை மட்டும் அல்ல.

செய்ய வேண்டியது எளிது. வீட்டில் வைக்காதீர்கள். வேண்டும் என்றால் வெளியே போய் ஒரு ஆளுக்கான சின்னப் பாக்கெட் வாங்கி அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றில் தொடாதீர்கள், சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடுங்கள். டப்பாவோடு நிற்காதீர்கள். ஆசை வந்தால் 20 நிமிடம் தள்ளிப்போடுங்கள், பல நேரம் அலை மாதிரி எழுந்து தானே அடங்கும். தராசுக்காரன் சகோ, கோபிக்காதீர்கள், நீங்கள் தராசை எடுக்கும்போதே தோற்றுவிட்டீர்கள். டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது தராசு என்ன செய்யும்?

மறுபடிமுதலிருந்து

நோட்டுப்புத்தகம் ஐயா, "வீட்டில் வைக்காதீர்கள்" என்பதை இவ்வளவு சுலபமாகச் சொல்லாதீர்கள். அந்த ஒரு வரியை நம்பி நான் நான்கு வருடம் வீணாக்கினேன்.

சாக்லெட். வீட்டில் கிடையாது, கடையில் அந்த வரிசைப் பக்கம் போவது கிடையாது. குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்பார்களே, அந்தக் கதைதான். நாள் முழுக்கக் குரங்கு. ஒருநாள் ஆபீஸில் பிறந்தநாள், ஒரு துண்டு சாக்லெட் கேக் கையில் திணித்தார்கள். மறுக்க முடியவில்லை. ஒரு துண்டு, 300 கலோரி இருக்குமா? அதோடு விட்டிருந்தால் எதுவும் நடந்திருக்காது. எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? சரி, இன்றைய நாள் போச்சு. முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு. வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று பெரிய சாக்லெட் பார் வாங்கினேன். கடைக்காரப் பையன் "குழந்தைகளுக்கா அக்கா?" என்றான். "ஆமாம், மூணு பசங்க" என்றேன். எனக்குக் குழந்தையே இல்லை. பெயர் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பேன், அந்த அளவுக்குத் தயாராக இருந்தேன்.

இந்த முக்காடு விஷயத்தை 1975-லேயே ஹெர்மன், மேக் என்ற இருவர் சோதித்திருக்கிறார்கள். சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் மில்க்‌ஷேக் குடித்தபின் குறைவாகத் தின்றார்கள். எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் மில்க்‌ஷேக் குடித்தால்தான் அதிகம் தின்றார்கள். அது நான்தான்.

இப்போது என் மேஜை இழுப்பறையில் எப்போதும் சாக்லெட் இருக்கிறது. முதல் மூன்று வாரம் படுமோசம், ஒத்துக்கொள்கிறேன், இரண்டு கிலோ ஏறினேன். அப்புறம் மெல்ல மெல்ல அது வெறும் சாக்லெட்டாகிவிட்டது. போன வாரம் ஒரு பாரின் ஓரம் வெளுத்துப் பூத்திருந்ததைப் பார்த்து நம்ப முடியவில்லை. என் வீட்டில் சாக்லெட் பழசாகிறது!

இன்னொரு திருத்தம். நீங்கள் சொன்ன 20 பேர் ஆய்வு அதிகம் பதப்படுத்திய உணவைப் பற்றியது. எவ்வளவு பதப்படுத்தியது என்பதை வைத்து உணவைப் படிப்படியாகப் பிரிக்கிறார்கள், அதில் உப்புக் கடலை அந்த வகையில் வராது, அடுத்த கீழ்ப்படியில்தான் வரும். ஒருவர் தன் மகளின் பேட்டரியைப் பற்றிப் பேசும்போது ஆய்வை எடுத்து நீட்டினால் அதையாவது சரியாக நீட்ட வேண்டாமா?

நோட்டுப்புத்தகம்

கடலையைக் கொழுப்பும் உப்பும் ஜோடியில்தான் வைத்தேன், அம்மா. மறுபடி படித்துப் பாருங்கள். அப்புறம், உங்களுக்கு இழுப்பறை ஒத்துவந்தது என்பதற்காக எல்லாருக்கும் ஒத்துவராது. நானும் அதைச் செய்து பார்த்தேன். சீஸ் பிஸ்கட்டை மேஜையில் வைத்துப் பழகலாம் என்று. ஆறு வாரம். பழகியது பிஸ்கட்தான், நான் இல்லை.

மறுபடிமுதலிருந்து

அந்த ஆறு வாரமும் வேறு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? பசியோடு பழக முடியாது, ஐயா.

இரவுப்பணி

சண்டைக்கு நடுவில் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். பிரெட், ஜாம். இரவு வேலை முடிந்து காலை ஏழரைக்கு வீட்டுக்கு வந்தேன். ஒரு ஷூவைக் கழற்றினேன். இன்னொன்றைக் கழற்றுவதற்குள் சமையலறையில் இருந்தேன். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சாக்ஸ், ஒன்பது ஸ்லைஸ். கடைசி மூன்றுக்கு ஜாம்கூடத் தடவவில்லை. மறுபடி வாசலுக்கு வந்து ஷூவைப் பார்த்தபோதுதான் நிதானம் வந்தது.

பிரெட்தான் எமன் என்று மூன்று மாதம் வீட்டுக்குள் விடவில்லை. அப்போது கார்ன்ஃப்ளேக்ஸ் எமன் ஆனது. அதையும் நிறுத்தினேன், வாழைப்பழம். ஆறு வாழைப்பழத்தை நின்றபடி தின்றபிறகுதான் உறைத்தது. விடுமுறை நாளில் இதே பிரெட் இரண்டு ஸ்லைஸோடு நின்றுவிடுகிறதே! வேலை நாளில் இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டால் காலை ஏழரை வரை வெறும் காப்பிதான், பத்தரை மணி நேரம். பகல் தூக்கம் நாலரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது என்று 2004-ல் ஒரு ஆய்வு வந்தது. பன்னிரண்டே பேர், எல்லாரும் இளம் ஆண்கள், அதனால் நான் அதைப் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கவில்லை. என் ஷூவை வைத்துச் சொல்கிறேன். இப்போது காலை நான்கு மணிக்கு இரண்டு முட்டையும் இரண்டு ஸ்லைஸ் பிரெட்டும், வேலையிடத்திலேயே. வீட்டுக்கு வந்தால் இரண்டு ஷூவையும் கழற்றுகிறேன். எல்லா நாளும் இல்லை, பெரும்பாலும்.

பெயர்வேண்டாம்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். மேலே எல்லாரும் சிரிக்கிற மாதிரி சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

எனக்கு ஒரு உணவு என்று கிடையாது. கண்ணில் பட்டதெல்லாம். வாரத்துக்கு மூன்று நான்கு முறை, வயிறு வலிக்கும் வரை, தனியாக. எடை குறைக்க வேண்டும் என்றுதான் டாக்டரிடம் போனேன். ஒரு இரவில் என்னென்ன சாப்பிட்டேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அவர் முகம் சுளிப்பார் என்று காத்திருந்தேன். பேனாவை நிறுத்தாமலே கேட்டார்: "அன்னிக்கு மதியம் என்ன சாப்பிட்டீங்க?" ஒன்றும் சாப்பிடவில்லை. முதல் நாள் தின்றதற்கு ஈடு கட்டிக்கொண்டிருந்தேன்.

பிஞ்ச் ஈட்டிங் என்று இதற்குப் பெயர் இருக்கிறது. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாகவே சேர்த்துவிட்டார்கள். வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கொடுத்த முதல் வேலை எதையும் விலக்குவது அல்ல. நேரத்துக்கு மூன்று வேளை, நடுவில் இரண்டு சிறு தீனி, பசித்தாலும் பசிக்காவிட்டாலும். எடை பார்ப்பதைக் கொஞ்ச நாள் ஒத்திவைக்கச் சொன்னார்கள். அது பெரிய நிம்மதியாக இருந்தது.

பின்சீட்டு, உங்கள் இருட்டுக் கார் எனக்குத் தெரியும். ஒருமுறைதான் நடந்தது என்றால் விட்டுவிடுங்கள். அடிக்கடி என்றால் யாரிடமாவது காட்டுங்கள். நானும் அறிவுரை சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.

தராசுக்காரன்

அறிவுரை வேண்டாம் என்று சொன்ன இடத்தில் இத்தனை அறிவுரை! பரவாயில்லை. நோட்டுப்புத்தகம் சொன்ன "தராசை எடுக்கும்போதே தோற்றுவிட்டீர்கள்" முதலில் எரிச்சலாக இருந்தது. இரண்டு நாள் கழித்து யோசித்தால், அந்த இரவு எனக்குப் பசியே இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதனால் இரவுப்பணி சொன்னது எனக்குப் பொருந்தவில்லை, இழுப்பறையில் வைத்துப் பழகும் தைரியமும் எனக்கில்லை.

டப்பா வாங்குவதை நிறுத்திவிட்டு ஓட்டோடு இருக்கும் கடலை வாங்கினேன், உப்பில்லாமல். ஒவ்வொன்றாக உடைத்துத்தான் தின்ன வேண்டும், கை சும்மா போய்விட்டு வர முடியாது. பத்து நாளாகிறது. ஓடு மேஜையில் குவிகிறது, அதைப் பார்த்தால் எவ்வளவு தின்றோம் என்று மறைக்க வழியில்லை. நேற்று மகள் வந்து உட்கார்ந்து ஓடுகளை ஐந்தைந்தாக அடுக்கி எண்ணினாள். "முப்பத்தெட்டுப்பா. அதுல நாலு என்னோடது." பேட்டரியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் முப்பத்தொன்பதாவதை உடைத்துவிட்டாள். பேட்டரியை மட்டும் பொம்மையிலேயே திருப்பிப் போட்டுவிட்டேன்.

பின்சீட்டு, கேட்கவேண்டும் என்று நினைத்தேன். அந்த அடையாள அட்டையை மாற்றிவிட்டீர்களா?

பின்சீட்டு

இல்லை. மாற்றவேண்டும் என்றால் எப்படி வளைந்தது என்று படிவத்தில் எழுதவேண்டும். வாசலில் தேய்க்கும்போது முதல் தடவை எடுக்காது. திருப்பிப் போட்டால் எடுக்கும்.

பெயர்வேண்டாம், ஒருமுறை இல்லை. திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.