தெரியாத காட்டுத் தடத்தில் தனியாக மவுண்டன் பைக்: எதற்கு ஆயத்தமாக வேண்டும்?

கொருக்குப்பேட்டைவாசி:
அனைவருக்கும் வணக்கம். வாரந்தோறும் மணலி வழியாக மீஞ்சூர் வரை மவுண்டன் பைக்கில் (கரடுமுரடான தடங்களுக்கான சைக்கிள்) சென்று திரும்புகிறேன். கண்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி அலுத்துவிட்டதால், தடாவுக்கு மேற்கே உப்பலமடுகு பக்கத்துக் காட்டுத் தடமொன்றில் ஒரு ஞாயிறன்று ஓட்டிப் பார்க்க விரும்புகிறேன். உடன் வருவதாகச் சொன்ன நண்பர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். தடத்தையும் நான் பார்த்ததில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பெரம்பூர் சக்கரம்:
முதலில் அனுமதி வாங்குங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். நீங்கள் சொல்லும் காடு ஆந்திர வனத்துறையைச் சேர்ந்தது என்பதால் நம் ஊர் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை. கோடையில் வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பரவிய தீயில் மலையேறச் சென்றவர்கள் மாண்டதை நாம் மறந்துவிடக் கூடாது.

எண்ணூர்க்காரன்:
தம்பி, நான் தனியாகச் சென்று வழிதவறியவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். காட்டில் மாடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குபவர்களும் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகள் ஏராளம். போகும்போது பக்கவாட்டிலிருந்து வந்து நம் தடத்தோடு சேரும் பாதையை நாம் கவனிப்பதே இல்லை, ஆனால் திரும்பும்போது அதே இடம் இரண்டாகப் பிரியும் கவையாக எதிரில் நிற்கும். அப்படி ஒரு கவையில் தவறான பக்கம் இறங்கி, இருட்டும் வரை ஓர் ஓடையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இப்போது பாதைகள் சேரும் ஒவ்வோர் இடத்திலும் இறங்கி, திரும்பி நின்று, வந்த வழியைப் படம் எடுத்துக்கொள்கிறேன். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், ஆகவே வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு, போனை ஏரோபிளேன் மோடில் வைத்தால் பேட்டரி தாங்கும்.

எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடாமல் மணியைப் பார்த்துத் திரும்புங்கள். டிசம்பரில் பொழுது சாய்வது மாலை 5.45 மணியளவில், மரங்களுக்கடியில் அதற்கும் முன்பே இருட்டிவிடும். எந்த வழியாகச் செல்கிறீர்கள், எத்தனை மணிக்குள் பேசாவிட்டால் தேடத் தொடங்க வேண்டும் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். அம்மா திட்டுவார்கள், பரவாயில்லை. இன்னொன்று, நம் வடசென்னை தட்டையான ஊர். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பழகாத கை விரைவில் ஓய்ந்துவிடும். முன்பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைக்குப்புற விழ நேரும்.

கொருக்குப்பேட்டைவாசி:
நன்றி அண்ணா. அனுமதி கிடைத்தாலும் முதல் முறை நடந்தே பார்த்துவிட்டு வருகிறேன். டயரில் காற்று எவ்வளவு வைப்பது? தார்ச்சாலைக்கு 50 பி.எஸ்.ஐ. வைக்கிறேன்.

எண்ணூர்க்காரன்:
கல்லில் அது துள்ளும். 30 அளவில் தொடங்கிப் பாருங்கள். மிகவும் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழியும். அந்தப் பக்கம் சூரை முள் அதிகம், மாற்று டியூப் இரண்டு வையுங்கள். டயரின் உட்புறத்தை விரலால் தடவி, குத்திய முள்ளை எடுத்த பிறகே புது டியூபைப் போடுங்கள். அதைச் செய்யாமல் இரண்டையும் ஒரே இடத்தில் பஞ்சராக்கிவிட்டு மூன்று மணிநேரம் தள்ளிக்கொண்டு வந்தேன்.