மறு: ‘துறைமுக வருடல்’ வேண்டாமே

அண்ணா,

உங்கள் கணினிப் பாதுகாப்புக் கலைச்சொல் பட்டியலில் ‘port scan’ என்பதற்கு இருந்த ‘துறைமுக வருடல்’ என்ற சொல்லை அலுவலகத்தில் ஒருவரிடம் காட்டினேன். கொள்கலன்களை எக்ஸ்ரே எடுக்கிற வேலையா என்று கேட்டார். யன்னலுக்கு வெளியே கொழும்புத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும்போது அவரைக் குறை சொல்ல முடியாது. நாம் பேசுவது கப்பல் வந்து சேரும் துறையை அல்ல, கணினிக்குள் இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசலை. இணையத் தொடர்பு முறைகளில் ஒன்றான டி.சி.பி.யில் (TCP) மட்டும் 65,535 வாசல்கள். எது திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

‘வாசல் நோட்டம்’ என்று வைக்கலாமா? நோட்டம் விடுவது எல்லோருக்கும் விளங்கும். நாணயங்களைச் சோதிப்பதற்கும் நோட்டம் என்றுதான் முன்பு பெயர்.

மெல்ல நடக்கிற நோட்டத்தில்தான் சிக்கல். என்மேப் (Nmap) என்ற நோட்டக் கருவியை ஆக மந்தமான வேகத்தில் விட்டால் 5 நிமிடத்துக்கு ஒரு தட்டு, நாளொன்றுக்கு 288. அது வழக்கமாகத் தட்டிப் பார்க்கும் 1000 வாசல்களை முடிக்க மூன்றரை நாள். நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று எண்ணுகிற மென்பொருளுக்கு இது கண்ணில் படாது. அதிலும் பாதி இணைப்பு என்றால், உள்ளிருந்து ‘வாங்கோ’ என்று பதில் வந்ததும் தட்டியவர் திரும்பிப் போய்விடுவார்; இணைப்பு முழுமையாகாததால் இணைய வழங்கியின் (web server) பதிவேட்டில் ஒரு வரிகூட விழாது. பிடிப்பதென்றால் நாட்கணக்கில் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருக்கும் கொடுக்காத வெற்று முகவரி ஒன்றை விட்டுவைத்து, அதைத் தட்டுகிறவரைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஆளில்லாத வீட்டின் மணியை அடிக்கிறவரைக் காவலாளி கவனிக்கிற மாதிரி.

இந்த வகைக்கு ‘கள்ள நோட்டம்’?

*

தம்பி,

வாசல் நோட்டம் சரி. கள்ள நோட்டம் வேண்டாம், அவசரத்தில் வாசித்தால் கள்ள நோட்டு. மத்திய வங்கிக்கு அறிவிக்கச் சொல்வார்கள். ‘பதுங்கு நோட்டம்’ எப்படி? பதுங்குகுழி தெரிந்த சனத்துக்கு விளக்கம் தேவையில்லை.

அப்புறம், உள்ளே ஆள் புகுந்துவிட்ட வழங்கியை, ‘compromised’ என்ற ஆங்கிலத்தைப் பார்த்து, ‘சமரசம் செய்யப்பட்ட வழங்கி’ என்று எழுதுகிறார்கள். யாரோடு சமரசம்? ‘பிடிபட்ட’ என்றால் கள்ளன் அகப்பட்ட மாதிரி இருக்கிறது. பிறர் வசமாவதைச் சொல்லப் பரவசம் என்ற சொல்லே இருந்தது. ஆனால் பரவசமடைந்த வழங்கி என்று அறிக்கையில் எழுத எனக்குத் துணிவில்லை. ‘வசப்பட்ட வழங்கி’ என்பேன். வேறொருவர் சொல்லுக்கு ஆடுவதும் அதற்குள் வந்துவிடுகிறது.

*

அண்ணா,

பதுங்கு நோட்டம், வசப்பட்ட வழங்கி இரண்டும் எனக்குச் சம்மதம். இன்னொன்று மிச்சம். வசப்பட்ட வழங்கி பெரும்பாலும் தன்னை ஆட்டுவிக்கிறவரைத் தானாகவே வெளியே கூப்பிடும்: ஒரே முகவரி, ஒரே இடைவெளி, நடுச்சாமத்திலும். அந்த ஒழுங்கை வைத்துத்தான் பல தடவை அதைக் கண்டுபிடிக்கிறோம். ஆங்கிலத்தில் beaconing எனப்படும் இதை ஒருவர் ‘கலங்கரை விடுதல்’ என்று மொழிபெயர்த்திருந்தார். மறுபடியும் துறைமுகம்! எனக்குப் பள்ளிக்கூடத்தில் இடாப்பு (வருகைப் பதிவேடு) வாசிக்கும்போது கை தூக்குவதுதான் ஞாபகம் வருகிறது. இடாப்பு சென்னைக்காரருக்கு விளங்காதாம். ‘வரவுக்குரல்’ என்று போட்டிருக்கிறேன், பிடிக்காவிட்டால் வெட்டிவிடுங்கள்.